பல்லுக்குப் போன இடத்தில்

கிரானில் கோணாமலையின் குரலைத் தெரியாத ஆள் இல்லை. சடங்குக் காலத்தில் ஒலிபெருக்கி பழுதாகிவிட்டால், "வண்ணக்கரை ஒருக்காச் சத்தம் வெக்கச் சொல்லுங்க, அது போதும்" என்பார்கள். அம்மன் கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற வண்ணக்கர் பொறுப்பு அவருடைய குடும்பத்தில் வழிவழியாக வந்தது. தகப்பன் கண்ணை மூடியபின் அது அவருடைய கைக்கு வந்தது. அன்றிலிருந்து ஊரில் அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். வண்ணக்கர் என்றால் அவர்தான்.

அதற்கு முன் அவர் லொறிச் சாரதி. சண்டைக் காலத்தில் அவர்களுடைய வயல் வட்டை முழுக்கப் பற்றை மூடிக் கிடந்தது. விதைக்கப் போனவர்கள் சிலர் திரும்பி வரவில்லை. பாதைகள் திறந்ததும், வயல் வயலாகிற வரைக்கும் வயிறு பொறுக்காதென்று, அரிசி ஆலையொன்றின் லொறியை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போகத் தொடங்கினார். மூட்டை இறக்க இரண்டு நாள், சில வேளை மூன்று நாள் காத்திருக்க வேண்டும். சந்தைக்குப் பின்னால் சாரதிகள் தங்கும் அறைகள் இருந்தன. அந்த அறைகளுக்குப் பெண்களும் வந்து போனார்கள்.

முதல் தடவை போனபோது, இனி இல்லை என்று நினைத்தார். அடுத்த நடையிலும் அப்படித்தான் நினைத்தார். வீட்டுக்கு வரும்போது மனைவி புஸ்பத்துக்கு அப்பிள் வாங்கி வருவார். புஸ்பம் அந்த நாட்களில் கர்ப்பப்பை எடுத்து, உடம்பு தேறாமல் தனிப் பாயில் படுத்துக் கிடந்தாள். அந்தப் பழக்கம் பிறகும் மாறவில்லை, இருவரும் வேறு வேறாகவே படுத்தார்கள். அவள் போட்டுத் தந்த சோற்றைக் குனிந்த தலையோடு தின்றுவிட்டு, அடுத்த நடைக்கு லொறியைக் கழுவப் போய்விடுவார்.

வண்ணக்கர் பொறுப்பு வந்ததும் லொறியை விட்டார். வைகாசிச் சடங்குக்குக் காப்புக் கட்டி, மரக்கறி உண்டு, வாய்க்காலில் முழுகி எழும்பியபோது, கொழும்பில் பட்டதெல்லாம் அந்தத் தண்ணீரோடு போய்விட்டதென்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பத்து வருடத்துக்கு மேல் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு நாள் கடைவாய்ப் பல் வலித்தது.

ஆஸ்பத்திரியில் பல் வைத்தியரின் அறைக்கு வெளியே வாங்கொன்றில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். உழவு மெசின் ஓட்டுகிற வினோஜனும் கன்னத்தைப் பிடித்தபடி இருந்தான். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு ஒரு பெண் அவர்களுக்குப் பின்னால் இருந்தாள், வேற்றூர்க்காரி. மேனுகா என்ற தாதி ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் குந்தி, மற்றவருக்குக் கேட்காதபடி ஏதோ பேசிவிட்டு நகர்ந்துகொண்டிருந்தாள். வினோஜன் தலையாட்டி, விரலை நீட்டியபடி இருந்தான். அவள் கோணாமலையின் பக்கத்திலும் வந்து குந்தினாள்.

"ஐயா, இப்ப பல்லுக்கு வாற எல்லாரிட்டையும் இதைக் கேக்கிறம். விருப்பமெண்டா விரல் நுனியில ஒரு சொட்டு ரத்தம் எடுத்து எச்.ஐ.வி இரிக்கா எண்டு பார்க்கலாம். விருப்பமில்லாட்டி வேணாம். பல்லு எப்படியும் புடுங்குவம்."

எல்லாரிடமும் என்பது அவர் காதில் விழுந்தது. விழுந்ததை மனம் எடுத்துக்கொள்ளவில்லை. என் முகத்தில் எழுதிக் கிடக்கிறது, இந்தப் பெண் பார்த்துவிட்டாள் என்றுதான் நினைத்தார்.  எழும்பி நின்றார்.

"ஆரைப் பார்த்து என்ன கேக்கிறாய்? நான் கோயில் வண்ணக்கர். எனக்கு எயிட்ஸ் இரிக்கெண்டு சொல்றியா நீ?"

அந்தக் குரல் மருந்து கொடுக்கிற இடம்வரை போனது. அங்கே வரிசையில் நின்றவர்கள் கிறுகிப் பார்த்தார்கள். மேனுகா கையில் வைத்திருந்த சின்னப் பெட்டியை மூடினாள், அவ்வளவுதான். பல் வைத்தியர் றஸீனா கையுறையோடு வெளியே வந்து, "ஐயா, கொஞ்சம் இரிங்க, விளங்கப்படுத்துறன்" என்றார். கோணாமலைக்கு இருக்க முடியவில்லை. கத்தக் கத்த, பயம் கோபமாக மாறிக்கொண்டிருந்தது. அது அவருக்கு வசதியாகவும் இருந்தது.

வினோஜன் விரலை மடக்கிக் கையைச் சாரன் மடிப்புக்குள் வைத்துக்கொண்டான். சேலையால் வாயை மூடியிருந்த பெண் எழும்பி, பல்லைப் பிடுங்காமலே விறுவிறென்று வெளியே போய்விட்டாள். அதன் பிறகு அந்த வாங்கில் யாரும் விரலை நீட்டவில்லை.

ஊருக்குள் கதை அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. பல்லுப் புடுங்கப் போனால் எயிட்ஸ் பார்க்கிறார்களாம், வண்ணக்கர் விடவில்லையாம். அந்த வாரமே ஆஸ்பத்திரி அபிவிருத்திக் குழு கூடியது. குழுத் தலைவர் நல்லரத்தினம் ஓய்வுபெற்ற அதிபர், கோணாமலைக்கு வேண்டியவர். நடந்ததைச் சொல்லச் சொன்னார். கோணாமலை எழும்பி, அந்தத் தாதி எல்லாருக்கும் கேட்கும்படி தன்னைக் கேட்டாளென்று சொன்னார். தன்னை மட்டும் தெரிந்தெடுத்துக் கேட்டாளென்றும் சொன்னார். சொல்லும்போது நாக்கு தடுமாறவில்லை. இருந்தவர்கள் தலையசைத்தார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் பல் வைத்தியத்தோடு பரிசோதனை கேட்பது நின்றது. மேனுகாவை ஊர் ஊராகப் போகிற நடமாடும் வைத்தியக் குழுவுக்கு மாற்றிவிட்டார்கள்.

செய்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தது புஸ்பம்தான். "அந்தப் புள்ளைக்கு வீடு கல்லடியில. மனுசன் இல்லையாம், சின்னப் புள்ளையொண்டு. இனி இருட்டோட பஸ் ஏறணுமாம்." சொல்லிவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்தாள். அவர் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

மாதங்கள் போயின. பல்லைத் தனியார் வைத்தியரிடம் காசு கொடுத்துப் பிடுங்கினார். ஆனால் வாய் சரிவரவில்லை. நாக்கில் வெள்ளை படர்ந்தது. காலையில் வேப்பங்குச்சியால் வழித்தால் போகும், பின்னேரம் திரும்பி வரும். புழுங்கல் சோறு தொண்டையில் இறங்க மறுத்தது. சேட்டுக் கழுத்துக்குள் இரண்டு விரல் போகிற அளவுக்கு மெலிந்துவிட்டார். "விரதம் கூடிப்போச்சு வண்ணக்கருக்கு" என்று ஊரில் பெருமையாகப் பேசினார்கள். அவருக்கு உள்ளுக்குள் தெரியும். தெரிந்ததை நினைக்காமல் இருக்க என்னென்ன வேலை உண்டோ எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்தார். வரம்பு கட்டினார், கோயில் மதிலுக்கு வெள்ளையடித்தார், வழக்குத் தீர்த்தார்.

அந்த நேரத்தில்தான் புஸ்பத்துக்குப் பல் வலி வந்தது. கன்னம் வீங்கி ஒரு கண் சுருங்கிவிட்டது. கராம்பு வைத்தாள், உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள். ஆஸ்பத்திரிக்கு மட்டும் போகவில்லை.

"இவ்வளவு வீங்கிக் கிடக்கு, ஏன் போகாம இரிக்காய்?" என்று கேட்டார்.

"எந்த முகத்தோட போற? வண்ணக்கர்ர பெண்சாதி வந்திரிக்கா, கவனம், ஒண்டும் கேட்டுராதீங்க எண்டு அவங்க பேசுவாங்க. நோவு தாங்கலாம். இது தாங்க ஏலா."

 பனிச்சங்கேணியில் பள்ளிக்கூடத்தில் நடமாடும் பல் வைத்தியம் நடக்கிறதென்று கேள்விப்பட்டு, அடுத்த நாள் காலை அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். தெரிந்த ஆட்கள் இருக்க மாட்டார்கள் என்பதுதான் அவருடைய யோசனை. நடமாடும் குழு என்றால் யார் வருவார்களென்று அவருக்கு ஏன் தோன்றவில்லையோ தெரியாது. பள்ளிக்கூட வளவுக்குள் திரும்பியபோது, வேப்பமரத்தடியில் மேசை போட்டு, மீன்பிடிக்கிற ஆட்களுக்கு நடுவில் மேனுகா இருந்தாள்.

வண்டியைத் திருப்பலாம் என்று நினைப்பதற்குள் புஸ்பம் இறங்கிவிட்டாள். மேசைக்குப் போய்ப் பெயரைச் சொன்னாள். மேனுகா அவளுடைய வீங்கிய கன்னத்தைப் பார்த்து, "ஐயோ அம்மா, நோவோடயா இவ்வளவு நாளும் இருந்தீங்க" என்றாள். பிறகு வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள். கோணாமலை இரண்டு முழம் தள்ளி நின்றார். ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"பாருங்க புள்ள" என்றாள் புஸ்பம்.

அவர் மேசைக்குக் கிட்ட வந்தார். "வேணாம் புஸ்பம். உனக்கு என்னத்துக்கு அது?"

"ஏன், ஒரு சொட்டு ரத்தத்தால என்ன குறையப்போகுது? சீனி பார்க்கிறல்லயா, பிறசர் பார்க்கிறல்லயா? அது மாதிரித்தானே."

மேனுகா நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு அவரை யாரென்று தெரிந்துவிட்டதென்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. பிறகு புஸ்பத்தின் விரலைத் துடைத்தாள்.

கோணாமலை வளவை விட்டு வெளியே வந்து வாவிக்கரைக்குப் போனார். வலை காயப்போட்டிருந்த கம்பொன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மாளே, அவளுக்கு ஒன்றும் இருக்கக் கூடாது என்று வேண்டத் தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டார். இந்த வாயால் எப்படி வேண்டுவது? பயந்தது அவளுக்காகவா தனக்காகவா என்றும் அவருக்கு விளங்கவில்லை. அவளுக்கு இருந்தால் அது எங்கிருந்து வந்ததென்று கேள்வி வரும். அந்தக் கேள்விக்குத்தான் முதலில் பயந்தார். அவளுடைய உயிர் இரண்டாவதாகத்தான் வந்தது. அதைத் தன்னிடமே கண்டபோது, தண்ணீரைப் பார்க்கவும் கூச்சமாக இருந்தது.

நெடுநேரம் கழித்துப் புஸ்பம் வந்தாள். பல் பிடுங்கியாயிற்று, வாயில் பஞ்சு. கையை விரித்துக் காட்டி, பஞ்சோடு குழறினாள். "எனக்கொண்டும் இல்லையாம்."

அவர் அப்படியே மணலில் குந்திவிட்டார். புஸ்பம் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நிழலுக்குப் போனாள்.

அவர் எழும்பி வேப்பமரத்தடிக்குத் திரும்பி வந்தார். மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள். மேனுகா பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் வந்து இருந்ததும், அடுக்குவதை நிறுத்தினாள்.

"ஐயா, பல்லுக்கு வாற எல்லாரிட்டையும் கேக்கிறம். விருப்பமெண்டா பார்க்கலாம். விருப்பமில்லாட்டி வேணாம்."

"என்னைத் தெரியுதா புள்ள?"

"தெரியும் ஐயா."

"தெரிஞ்சும் கேக்கிறீங்க."

"அண்டைக்கும் எல்லாரிட்டையும்தான் கேட்டன்."

அவர் கையை மேசைமேல் வைத்தார்.  அவள் தன் இடது கையால் அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் குத்தினாள்.

காத்திருந்தார்கள். பிறகு அவள் நாற்காலியை அவருக்குக் கிட்ட இழுத்துப் போட்டாள். அதிலேயே அவருக்கு விளங்கிவிட்டது.

"இந்தப் பரிசோதனை இரிக்கெண்டு காட்டுது. இதை மட்டும் வெச்சு முடிவு சொல்ல மாட்டம். பட்டணத்து கிளினிக்கில நரம்பில ரத்தம் எடுத்து உறுதிப்படுத்தணும். உறுதியானாலும் பயப்பட ஒண்டுமில்ல ஐயா. ஒவ்வொரு நாளும் மருந்துக் குளிசை போட்டா மற்ற ஆக்களைப் போலச் சீவிக்கலாம். குளிசைக்குக் காசில்ல. உங்கட வாயில கிடக்கிற வெள்ளையும் மாறும். ஆருக்கும் நாங்க சொல்ல மாட்டம். அம்மாக்கு நீங்கதான் சொல்லணும். அவவை இன்னொரு தரம் பார்க்கணும், அதுக்காகவாவது."

"அண்டைக்கு நான் செஞ்சதுக்கு என்னை மன்னிச்சிரு புள்ள" என்றார். 

மேனுகா பெட்டியின் மூடியைச் சாத்தினாள். "என்னை விடுங்க ஐயா, நான் பஸ்ஸில போய்ப் பழகிட்டன். அண்டைக்கு உங்களுக்குப் பின்னால சேலையால வாயை மூடிக்கொண்டு ஒரு அக்கா இருந்தா. நினைவிருக்கா? பல்லும் புடுங்காமப் போனா. அவ எந்த ஊரெண்டும் எனக்குத் தெரியா. நான் அவவைத்தான் யோசிக்கிற."

அவள் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. கடுமையாகச் சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

திரும்பி வரும்போது பனிச்சங்கேணிப் பாலத்துக்கு இப்பால் வண்டியை நிறுத்தினார். புஸ்பம் இறங்கி நின்றாள். அவர் அவளைப் பார்க்காமல், வண்டியின் கைபிடியைப் பார்த்தபடி சொன்னார். தனக்கு வந்த நோயை, அந்த வருத்தத்தைச் சொன்னார். கொழும்பைச் சொன்னார். சந்தைக்குப் பின்னால் இருந்த அறையைச் சொன்னார். ஒரு தரமல்ல என்பதையும் சொன்னார். சொல்லி முடித்ததும் அவள் வாயிலிருந்த பஞ்சை எடுத்து, இரத்தத்தைக் கரையில் துப்பிவிட்டு, தலைப்பால் உதட்டைத் துடைத்தாள்.

"எனக்கொண்டும் இல்லையெண்டு சொல்லக்குள்ள உங்கட முகத்தைப் பார்த்தன்" என்றாள். "அப்பவே விளங்கிட்டு. வீட்ட போவம். வாய் நோகுது."

அதற்குப் பிறகு பல நாள் அவள் அவரோடு பேசவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், உடுப்புத் தோய்த்தாள். முதல் தடவை பட்டணத்துக்குப் போனபோது அவளும் கூட வந்தாள், ஆனால் பஸ்ஸில் வேறு இருக்கையில் இருந்தாள். கிளினிக்கில் நோய் உறுதியானது. குளிசை கொடுத்தார்கள். புஸ்பத்துக்கு மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் ஒன்றுமில்லை. அன்று வீட்டுக்கு வந்து, அடுப்பு மூட்டிக்கொண்டே பேசினாள்.

"அந்தப் புள்ளையைப் பத்திக் கூட்டத்தில சொன்னதைப் போய்த் திருப்பிச் சொல்லுங்க. உங்கட வருத்தத்தைச் சொல்லத் தேவையில்ல. அது உங்கட பாடு. பொய் சொன்னதைச் சொல்லுங்க."

அடுத்த குழுக் கூட்டத்தில் கோணாமலை எழும்பினார். பின்வரிசையில் இருந்தவர்கள், "கேக்கல்ல வண்ணக்கர், கொஞ்சம் பெலத்துச் சொல்லுங்க" என்றார்கள். அவரைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அந்தத் தாதிப் புள்ள மெல்லமாத்தான் கேட்டது. சத்தம் போட்டது நான். எல்லாரிட்டையும் கேக்கிறம் எண்டும் சொன்னது. அதை நான் இஞ்ச மறைச்சிட்டன். முறைப்பாட்டை நான் வாபஸ் வாங்கிறன்."

நல்லரத்தினம் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் வண்ணக்கர், இவ்வளவு நாளைக்குப் பிறகு? ஆரும் வந்து உங்களிட்ட ஏதும் பறைஞ்சாங்களா?"

"இல்ல. நான் அண்டைக்குப் பயந்துபோய்க் கத்தினன்."

"பயமா? உங்களுக்கு என்னத்துக்குப் பயம்?"

யாரோ மூலையில் சிரித்தார்கள். பதில் அவருடைய வாய் நுனிவரை வந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. இருக்கையில் இருந்துவிட்டார். இரண்டு மூன்று பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதைக் கண்டார். காணாதது போல இருந்தார்.

சில மாதத்தில் அந்தப் பல் கிளினிக்கில் மறுபடியும் எல்லாரிடமும் கேட்கத் தொடங்கினார்கள். கேட்பது வேறொரு தாதி. மேனுகா திரும்பி வரவில்லை, கல்லடிக்குக் கிட்ட ஓரிடத்தில் வேலை கிடைத்துவிட்டதென்று வைத்தியர் றஸீனா சொன்னார்.

விதைப்புக்கு முன்னால் வயலை உழுது தர வினோஜன் வந்தான். வரம்பில் நின்ற கோணாமலை, மெசினை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினார்.

"தம்பி, நீ அண்டைக்கு ஆஸ்பத்திரியில விரலை நீட்டினாய். என்னாலதான் மடக்கினாய். இப்ப திரும்பவும் பார்க்கிறாங்களாம். ஒருக்காப் போ."

வினோஜன் அவரை மேலும் கீழும் பார்த்தான். "நீங்க பார்த்தீங்களா?"

"ஓம். பார்த்தன்."

மேலே எதையாவது கேட்பானென்று காத்து நின்றார். அவன் கேட்கவில்லை. "பார்ப்பம்" என்று சொல்லி மெசினை எடுத்தான். போனானோ இல்லையோ, அவருக்குத் தெரிய வரவில்லை. அந்தச் சேலை மூடிய பெண்ணைப் பற்றியும் ஒன்றும் தெரிய வரவில்லை. சந்தையில், பஸ்ஸில், கோயிலுக்கு வருகிற கூட்டத்தில், தலைப்பால் வாயை மூடியிருக்கிற எந்தப் பெண்ணைக் கண்டாலும் அவருக்குக் கால் தயங்கும். அன்று அவளுடைய முகத்தை அவர் சரியாகப் பார்க்கவில்லை. இனிக் கண்டாலும் அடையாளம் தெரியப்போவதில்லை.

அந்த வருடம் வைகாசியில் காப்புக் கட்ட அவர் போகவில்லை. முழங்கால் வருத்தமென்று சொல்லித் தம்பி சீனித்தம்பியை அனுப்பினார். காப்புக் கட்டக் கூடாதென்று எந்த வைத்தியரும் அவருக்குச் சொல்லவில்லை. புஸ்பமும் சொல்லவில்லை. அவருக்குத்தான் கையை நீட்ட மனம் வரவில்லை.

உடம்பு தேறிவிட்டது. நாக்கு சிவந்தது, சோறு இறங்கியது, சேட்டு அளவாகிவிட்டது. காண்கிறவர்கள் எல்லாம் தேறிவிட்டீர்கள் என்று சொல்ல, அவர் காது சூடாக நின்று கேட்டுக்கொள்வார்.

ஒரு பின்னேரம் அவர் அறைக்குள் குளிசையைப் பிரித்துக்கொண்டிருந்தார். வேலிக்கு அப்பால் இருந்து இலட்சுமிப்பிள்ளை, ஊரில் எல்லார் வீட்டுச் செய்தியும் தெரிந்தவள், கேட்பது அவர் காதில் விழுந்தது. "என்ன புஸ்பம், உன்ர மனுசன் மாதா மாதம் பட்டணத்துக்குப் போறார்? என்னவாம்?"

புஸ்பம் ஒருவருக்காகவும் பொய் சொல்கிறவளல்ல. கூடப்பிறந்த தம்பிக்காகப் பொலிசில் ஒரு சின்னப் பொய் சொல்லச் சொன்னபோதும் மறுத்து, தகப்பனிடம் அடி வாங்கியவள். முப்பது வருடத்துக் குடித்தனத்தில் அவள் வாயிலிருந்து அவர் ஒரு பொய்யும் கேட்டதில்லை.

"சீனி வருத்தம்கா" என்றாள் புஸ்பம், குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல். "அங்க நல்ல குளிசை குடுக்கிறாங்க. அதுதான் போறார்."

கோணாமலை குளிசையைக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் எடுக்க வெளியே போக முடியாமல், அப்படியே கட்டிலில் இருந்தார்.